மூன்று பொத்தானும் பூஜ்யத்தில்

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நான் நலமா இல்லையா என்பதே புரியாததால் அதை விட்டுவிடுகிறேன்.

வலது கண்ணில் கோடெல்லாம் வளைந்து தெரிகிறது என்று போன மாதம் போனில் சொன்னேன். எப்படி வளைகிறது என்று நீ கேட்டாய், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடிக் கடைக்காரரும் அதையேதான் கேட்டார், அப்புறம் புதுக் கண்ணாடி ஒன்றைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார். அதற்காகவே நீ செய்து அனுப்பிய இணையப் பக்கத்தை நேற்று மில்லிலிருந்து வந்ததும் திறந்தேன். என் சமையலறையின் படம். கீழே இப்படியும் அப்படியும் தள்ளுகிற மூன்று பொத்தான்கள்: வளைவு, மங்கல், நடுவில் கறை. உன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே படம் வரும்வரை தள்ளு, பிறகு எண்களை எழுது என்றாய்.

தள்ளினேன். இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பார்த்து, அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். எதைத் தொட்டாலும் படம் என் பார்வையைவிட மோசமாகப் போகிறது. மூன்றையும் பூஜ்யத்தில் வைத்தால்தான் அச்சு அசலாக நான் பார்க்கிற சமையலறை. அதாவது எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அத்தானிடம் காட்டினேன். "பாத்தியா, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, உனக்கு எல்லாம் மனப்பிரமைதான்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை.

அப்படியானால் மில்லில் நடப்பது என்ன? சோதனை மேசையில் துணி ஓடும்போது நேரான இழை கோணலாகத் தெரிகிறது, சாக்பீஸால் குறி போடுகிறேன். இந்த வாரம் நன்றாக இருந்த மூன்று சுருளைப் பழுது என்று ஒதுக்கிவிட்டேன். இன்னொரு தடவை நடந்தால் மடிக்கிற பிரிவுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார் மேற்பார்வையாளர். பதினேழு வருஷம் செய்த வேலை தம்பி. என் கண் பொய் சொல்கிறதா, உன் பக்கம் பொய் சொல்கிறதா, ஒன்றும் பிடிபடவில்லை.

பக்கத்தின் ஓரத்தில் இருந்த எழுத்துகளையும் மேய்ந்தேன். ஷேடர் என்றாயே, படத்தை வரைகிற நிரல், அது. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே முடிவு செய்துகொள்ளும், பக்கத்துப் புள்ளியைக் கேட்காது என்று எழுதியிருந்தாய். நம் தெருவில் அப்படி ஒரு வீடுகூடக் கிடையாது. ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தேன், சமையலறையே கறுத்துப்போனது. பயந்து மூடிவிட்டேன். கெடுத்துவிட்டேனா? முகம் தெரியாத யாரோ பாடம் எழுதி, தாங்கள் செய்ததையும் மூடாமல் திறந்தே வைத்திருக்க, அதைப் பார்த்துப் பார்த்து நீ கற்றுக்கொண்டதாகச் சொல்கிறாய். அவர்களுக்கு அதில் என்ன வந்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மழுப்பாமல் சொல். எனக்குக் கண் நன்றாக இருக்கிறதா?

குழப்பத்துடன்,
அக்கா

*

தம்பிக்கு,

உன் பதிலைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோணல் கண்ணால் பார்த்தால் படமும் கோணலாகத்தானே தெரியும், அதன்மேல் இன்னொரு கோணல் எதற்கு? செய்த நீயும் யோசிக்கவில்லை, தள்ளிய நானும் யோசிக்கவில்லை. நல்ல அக்கா, நல்ல தம்பி.

நீ சொன்னபடி சமையலறையிலேயே உட்கார்ந்தேன். நிஜ அலமாரியை வலது கண்ணால், படத்தை இடது கண்ணால், மாற்றி மாற்றிப் பார்த்தேன். நூற்றுக்கு வளைவு நாற்பது, மங்கல் இருபத்தைந்து, கறை அறுபது.

உன் அத்தான் எட்டிப் பார்த்தார். சமையலறையை எடுத்துவிட்டு அதில் தன் போட்டோவைப் போட்டார். காது இருந்தது, சட்டைக் காலர் இருந்தது, முகம் இல்லை. என்னையும் இப்படித்தான் பார்க்கிறாயா என்று கேட்டார். அந்தக் கண்ணால் ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போகாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார், சோதித்தார். விழித்திரை நடுவில் நீர் கசிகிறதாம். ஊசி போட்டு நிறுத்தப் பார்க்கலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது, இடது கண்ணையும் விடாமல் கவனிக்க வேண்டும் என்றார். எனக்குப் பைத்தியம் இல்லை என்று நிம்மதிப்படுவதா, கண் போகிறது என்று பயப்படுவதா? இரண்டும் சேர்ந்தே வருகிறது. மில்லில் நானே கேட்டு மடிக்கிற பிரிவுக்குப் போய்விட்டேன்.

இந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொடு. அலமாரியைத் துடைத்துவிட்டு வேறு படம் அனுப்புகிறேன், ஊரே பார்க்கப் போகிறது.

உன் புதுப் போட்டோ அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். நான்கு வருஷமாக உன்னைத் திரையில்தான் பார்க்கிறேன். இடது கண் நன்றாக இருக்கும்போதே ஒரு நடை வந்து என் எதிரில் உட்கார். நான் பார்த்து முடிக்கும்வரை எழுந்திருக்காதே.

உன் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கட்டும்.

அக்கா