முந்நூற்று நாற்பதில் நின்ற சூடு

மாப்ள,

இன்று காலை ஒரு டீசல் காரை லிஃப்டில் ஏற்றியதும் கருகின வாசனை வந்தது. சைலன்சரை ஒட்டிய தகட்டில் ஒரு பிடி கொள்ளுச் செடி சிக்கியிருந்தது. நுனியெல்லாம் கரி. அதைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். மாசி பிறந்துவிட்டதல்லவா, திருப்பத்தூர் சாலையில் வழக்கம்போலக் கொள்ளுச் செடியைப் பரப்பிவிட்டார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம்தான் அதை மணி உதிர அடித்துக் கொடுக்க வேண்டும்.

வண்டி நேமத்தான்பட்டி டீச்சருடையது. ஆயில் மாற்ற விட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போயிருந்தார். மதியம் வரை வண்டியை ஆறவிட்டு ஸ்கேனரை மாட்டினேன். அதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"ஆயில்தானே மாத்தச் சொன்னேன்? கம்ப்யூட்டர எதுக்கு மாட்டுறீக? டேஷ்போர்டுல வெளக்குக்கூட எரியலையே."

எரியாததுதான் எனக்குப் பயம் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

நீ சொல்வாயே, "ஆறின வண்டியில எல்லா சென்சாரும் நம்ம ஊரு வெயிலத்தான் சொல்லணும். எது வேற சொல்லுதோ அதப் புடி" என்று. மற்றவையெல்லாம் நாற்பது டிகிரியை ஒட்டி நின்றன. புகைக்குழாய்ச் சூட்டைப் பார்க்கும் சென்சார் மட்டும் முந்நூற்று நாற்பது. எஞ்சினை முடுக்கினேன். முந்நூற்று நாற்பது. அணைத்தேன். அப்போதும் அதேதான்.

போன மாசியில் நாம் இருவரும் பார்த்த அந்தத் திருப்பத்தூர்க்காரர் வண்டியிலும் இதே சென்சார்தான் கெட்டிருந்தது. ஸ்கேனரில் பிழை வந்ததும் மாற்றிவிடலாம் என்று குதித்தவன் நான். நீ விட்டால்தானே! இணைப்பைக் கழற்றி அதன் பித்தளை முள்ளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார்த்தாய். வயரை அசைத்து அசைத்து மீட்டரைப் பார்த்தாய். கடைசியில் சென்சாருக்கே சூடு காட்டி, மீட்டர் நகராததைக் கண்ட பிறகுதான், "செத்துப்போச்சுடா, புதுசு வரவழை" என்றாய்.

மதுரையிலிருந்து வர நான்கு நாளாகும். வண்டிக்காரரோ மறுநாள் வீட்டில் விசேஷம் என்று தலைமேல் ஏறி உட்கார்ந்தார். நீ ஜும்மா தொழப் போயிருந்த நேரத்தில் அந்த வேலையைச் செய்தேன். சென்சார் வயரை வெட்டி, அரிசி மணியளவு ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். உள்ளே எவ்வளவு கொதித்தாலும் வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஒரே சூடுதான் போய்ச் சேரும். விளக்கு அணைந்தது. எனக்குப் பெருமை வேறு. சீ!

திரும்பி வந்து, "சென்சாரு எங்க கெடச்சுச்சு?" என்று கேட்டாய். காரைக்குடியிலேயே கிடைத்துவிட்டது என்றேன். நம்பினாய். நம்பியதால்தான் வண்டியைக் கொண்டுபோய் விட நீயே கிளம்பினாய்.

வழியில் கொள்ளுச் செடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நிறுத்தி, அடியில் படுத்துப் பிடுங்கியிருக்கிறாய். புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க அந்த வண்டி டீசலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. சூடு போதவில்லை என்றுதானே என் ரெசிஸ்டர் அதற்குச் சொன்னது! உன்னைச் சுற்றிக் கிடந்த சருகு அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாய். கட்டுக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிந்தது. "அம்புட்டுச் சூடு வராதே மாப்ள... புதுசுதானே போட்ட?" என்றாய்.

"புதுசுதான் மாப்ள" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாய், பிறகு திறக்கவே இல்லை. நம்பி மூடினாயா, நம்பாமல் மூடினாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கு முன்பே உனக்குத் தெரியாமல் மூன்று வண்டிகளுக்கு அப்படிச் செய்திருந்தேன். மூன்றையும் தேடிப் பிடித்துச் சரிசெய்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

இன்று டீச்சர் வண்டியில் வயரைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். உள்ளே அதே ரெசிஸ்டர். டேப்பின் நுனியை மடித்து ஒட்டுவது என் பழக்கம், நீகூடக் கிண்டல் பண்ணுவாய். இதில் மடிப்பில்லை. இது என் கை இல்லை, மாப்ள. டீக்கடையில் நின்று ஊர் மெக்கானிக்குகளிடம் இந்த வித்தையைப் பீற்றிக்கொண்டவன் நான்தானே. எத்தனை பேர் கற்றுக்கொண்டார்களோ, எத்தனை வண்டிகள் அந்தச் சாலையில் ஓடுகின்றனவோ, யாருக்குத் தெரியும்?

"என்ன அது?" என்றார் டீச்சர். சொன்னேன். உன்னையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அந்தக் கருகிய செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கூட்டாளி வீட்டுல இதச் சொல்லிட்டீகளா?"

"இல்ல டீச்சர்."

"வண்டி இங்கயே நிக்கட்டும். நான் பஸ்ஸுல போய்க்கிறேன். நீங்க மொதல்ல அங்குட்டுப் போங்க."

உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ரெசிஸ்டர் சட்டைப் பையில் கிடக்கிறது. எடையே இல்லாத சாமான், நெஞ்சை அழுத்துகிறது. நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். புதுசு போடல மாப்ள.

உன் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "என்னண்ணே, வெளியவே உக்காந்துட்டீக? உள்ள வாங்க."