தொட்டியின் அடியில் மண் இல்லை

ஜூன் 4, வியாழன்

ஒரு வாரத்தில் ஒன்பது நூல்கோலை இரண்டு பேர் எப்படித் தின்று தீர்ப்பது? எனக்குத் தெரியவில்லை. நான்காவது வருடமாகத் தெரியவில்லை. தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். நூல்கோலின் பூர்வீகம், குடும்பம், தோலின் ஊதா நிறம் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் அரை மணி நேரம் பேசுவேன். ஒன்பதாவது நூல்கோலை என்ன செய்வதென்று மட்டும் கேட்கக் கூடாது.

நூல்கோல் தவிர, சுக்கான் கீரை ஒரு கட்டு, வெங்காயத்தாள், முள்ளங்கி. கீரைக்குள் ஒரு நத்தை, உயிரோடு. வழக்கம்போல் தேவாலயத்தின் பின்கூடத்தில் வில்மா தராசோடு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் வரி அலுவலகத்தில் இருந்தவள். இப்போது காய்களை வைத்து அந்த வேலையைத் தொடர்கிறாள். "நத்தைய எடையில சேர்க்கலம்மா, பயப்படாதே" என்றாள்.

நாங்கள் நாற்பத்திரண்டு குடும்பங்கள். ஊருக்கு வெளியே சோங்கோரும் அவன் மனைவி ரேக்காவும் எங்களுக்காகப் பயிரிடுகிறார்கள். விளைந்ததை வியாழன்தோறும் நாற்பத்திரண்டு பையாகப் பிரித்துக்கொள்வோம். விளையாவிட்டால் அந்த நஷ்டத்தையும் அப்படியே. ஒவ்வொரு மார்ச்சிலும் வருடப் பணம் கட்டும்போது சோங்கோர் ஒப்பந்தத்தை உரக்க வாசிப்பான். 'கல்மழை பெய்தாலும்' என்ற இடம் வந்ததும் எல்லோரும் கை தூக்க வேண்டும். எனக்குக் கூச்சமாக இருக்கும். பாதி உயரத்துக்குத் தூக்குவேன்.

ஜூன் 5

நாலு நூல்கோலைக் குடைந்து, அரிசியும் கொத்துக்கறியும் அடைத்து, அதன் இலையையே நறுக்கிப் போட்டு வேகவைத்தேன். கடைசியில் புளித்த பாலேடு. ஓட்டோ கரண்டியால் குத்திப் பார்த்தான்.

"உள்ள இருக்கற கறி நல்லாத்தான் இருக்கு. அதச் சுத்தி எதுக்கு வீடு கட்டியிருக்க?"

இருபத்திரண்டு வருடக் கணவன். இன்னும் ஐந்து நூல்கோல் மிச்சம்.

ஜூன் 13, சனி

மாலை நாலரைக்குக் கல்மழை. பதினோரு நிமிடம். புறா முட்டை அளவு. பக்கத்து வீட்டுக் காரின் கூரை அம்மை போட்ட முகம்போல் ஆகிவிட்டது.

சோங்கோரிடமிருந்து எல்லோருக்கும் ஒரு வரி: 'கொஞ்சம் அடி. வியாழன் வழக்கம்போல.'

கொஞ்சமா?

ஜூன் 18

வெங்காயம் ஆறு. வெடித்த நூல்கோல் இரண்டு. சல்லடையாய்ப் போன சுக்கான் கீரை ஒரு கைப்பிடி. வரிசை வேகமாக நகர்ந்தது. என் பின்னால் நின்ற ஒருவர் பைக்குள் எட்டிப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்றார், தாழ்ந்த குரலில். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனசிலும் அந்த ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கீரையைக் கடைந்து முட்டை வேகவைத்துப் போட்டேன். ஒரு வேளைக்கு வந்தது.

ஜூன் 25

பை நிறைந்துவிட்டது. குடைமிளகாய், தக்காளி, வெள்ளரி, பீன்ஸ். "கடவுள் கண்ணத் தொறந்துட்டாருடி" என்று வில்மா கையைத் துடைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும்தான்.

ஜூன் 26

லெச்சோ செய்தேன், கோடையில் இங்கே எல்லா வீட்டிலும் கொதிக்கும் மிளகாய்க் கூட்டு. பன்றிக்கொழுப்பில் வெங்காயம் வதங்கியதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, மிளகாய்த்தூளைப் போட்டு, திரும்ப ஏற்றி, குடைமிளகாய், பிறகு தக்காளி. கை தானாகச் செய்கிற வேலை. ஆனால் சட்டியில் தண்ணீர் நின்றது. மிளகாயின் தோல் தனியாகக் கழன்று, காகிதக் குழல்போல் சுருண்டு மிதந்தது.

பிறகு பாத்திரம் கழுவப் போனேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவுதொட்டியின் அடியில் ஒரு விரல் மண் நிற்கும், நாலு வருடமாக. ஓட்டோ அதைச் சொல்லியே புலம்புவான். இன்று தொட்டி பளபளவென்று இருக்கிறது.

வெட்டவெளியில் போட்ட குடைமிளகாய் ஜூலைக் கடைசிக்கு முன் வராது. அவர்களுடைய பந்தல் பிளாஸ்டிக் கல்மழையில் கிழிந்தது என்று ரேக்காவே சொன்னாள். எல்லா மிளகாயும் ஒரே நீளம், ஒரே வெளிர்மஞ்சள், காம்பு கத்தியால் வெட்டியது. இது கண்ணாடிக்கூடத்துக் காய். யாரோ மொத்தச் சந்தையில் வாங்கி எங்கள் பையில் போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

ஓட்டோவிடம் சொன்னேன்.

"நல்லதுதானே? மொத தடவையா பூச்சியோட பங்கு போடாம சாப்பிடறேன்."

ஜூலை 2

இந்த வாரமும் மண் இல்லை.

ஜூலை 4, சனி

பேருந்து பிடித்துப் பண்ணைக்குப் போனேன். சொல்லாமல் போனது தவறுதான். சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன காட்டியிருப்பார்கள் என்றும் தெரியும்.

நிலம் உழுது போட்டதுபோல் கிடந்தது. பந்தலின் கம்பிகளில் பிளாஸ்டிக் நார்நாராகத் தொங்கியது. வெறும் பாத்திகளில் பருப்புக்கீரை மட்டும் கொழுத்துப் படர்ந்திருந்தது. ரேக்கா அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள், பன்றிக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்குள் போனாள்.

சோங்கோர் மறைக்கவில்லை. "நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு ரேக்காகிட்ட சொல்லிட்டேதான் இருந்தேன், டாக்டரம்மா."

"எதுக்கு இப்படி? பங்கு போட்டுக்கறோம்னுதானே கை தூக்கினோம்?"

"முந்தி ஒரு வருஷம் வறட்சி வந்துச்சு. நீங்கல்லாம் சேர்றதுக்கு முன்னாடி. உண்மையப் பையில போட்டுக் குடுத்தேன். அடுத்த மார்ச்சுல பதினெட்டுப் பேர் வரல. வேற காரணம் சொன்னாங்க, மரியாதையா."

"இந்தக் கீரையக் குடுக்கலாமே. இது நல்ல கீரை. தின்னலாம்."

"பன்னிக்குப் போடறதயா?" சிரித்தான். "வில்மாக்கா அத எடை போடறத நினைச்சுப் பாருங்க."

வாங்கியது எதைக் கொண்டு என்று நான் கேட்கவில்லை. வழக்கமாக டிராக்டர் நிற்கும் கொட்டகை காலியாக இருந்தது.

கொட்டகைச் சுவரில் விதைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஆணியில் குத்தியிருந்தார்கள். வருடக் கடைசியில் எங்களிடம் வாங்கும் கருத்துத் தாள். பெயர் எழுத வேண்டியதில்லை. தட்டச்சு செய்திருந்தது.

'நூல்கோல் அளவுக்கு மீறி. கீரையில் ஓட்டைகள். பை மெலிந்த வாரங்களில், உண்மையைச் சொன்னால், ஏமாற்றப்பட்டதாக உணர்கிறேன்.'

"யார்னு தெரியாது" என்றான். "ஒருத்தர் எழுதினா பத்துப் பேர் நினைச்சிருப்பாங்க. தினமும் காலையில பாத்துட்டுத்தான் வேலைக்கு எறங்குவேன்."

அந்த 'உண்மையைச் சொன்னால்' என்பது என்னுடையது. இருபுறமும் காற்புள்ளி போட்டு எழுதுவது நான்தான். பாடநூல் அலுவலகத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். டிசம்பரில் சமையலறை மேசையில் எழுதினேன். அன்றைக்கு எதற்கோ எரிச்சல். எதற்கென்று இப்போது நினைவில்லை. சத்தியமா நினைவில்லை.

"ஆகஸ்டுல என் காயே வந்துடும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க டாக்டரம்மா."

"சொல்ல மாட்டேன்" என்றேன். தாளைப் பற்றியும் சொல்லவில்லை.

ஜூலை 7

பூசணித் துருவல், சதகுப்பைத் தழை, மாவு வறுத்துக் கரைத்துவிட்டது. ஓட்டோ இரண்டு தட்டு சாப்பிட்டான். கடைக்காயில் அவனுக்குப் பசி எடுக்கிறது.

ஜூலை 9, வியாழன்

பாடநூல் குழுவின் கூட்டம் ஏழு மணிவரை இழுத்தது. பை வாங்க ஓட்டோ போனான்.

வந்து சொல்கிறான், செருப்பைக் கழற்றிக்கொண்டே: "வில்மாகிட்ட கேட்டேன், என்னக்கா, சோங்கோர் வீட்டு மிளகாயெல்லாம் பட்டாளத்துல சேர்ந்துடுச்சா, ஒரே உயரமா நிக்குதுன்னு."

"அவ என்ன சொன்னா?"

"சிரிக்கல. ஒண்ண எடுத்து ஒடச்சுப் பாத்தா. அப்பறம் கண்ணாடி போட்டுக்கிட்டு இன்னொண்ண ஒடச்சா."

அவனிடம் வாயை மூடிக்கொள் என்று ஏன் சொல்லவில்லை? மறக்கவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் அந்தத் தாள்வரைக்கும் போக வேண்டும்.

ஜூலை 10

காலையிலிருந்து மின்னஞ்சல். இருபத்தேழு. கடைசியில் சோங்கோர்: 'ஆமாம். வாங்கினேன். 18ஆம் தேதி சனிக்கிழமை கூட்டத்தில் பேசுவோம். அன்று நாற்பத்திரண்டு பேரில் பாதிக்கு மேல் விரும்பினால் தொடர்வோம். இல்லாவிட்டால் நிறுத்திவிடுகிறோம்.'

ஜூலை 12

எனக்கு மட்டும் தனியாக ஒன்று வந்தது. 'டாக்டரம்மா, பக்கத்து நிலத்துக்காரன்தான் சொல்லியிருப்பான் என்கிறாள் ரேக்கா. நீங்கள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நன்றி.'

பதில் எழுதவில்லை. எழுதினேன், அனுப்பவில்லை. மூன்று முறை.

ஜூலை 14

ரேக்கா பக்கத்து நிலத்துக்காரன் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டாளாம். வில்மா கடையில் பார்த்தபோது சொன்னாள். பக்கத்து நிலத்துக்காரன் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. என்னால் ஒருவனுக்குக் கெட்ட பெயர். அவன் முகம்கூடத் தெரியாது.

ஜூலை 17, வெள்ளி

நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன்.

அந்தத் தாள் என்னுடையது. செய்தி வெளியே போனது என் வீட்டிலிருந்து. மூன்று வாரம் தெரிந்துகொண்டே சாப்பிட்டேன். அவரை நிறுத்தாதீர்கள்.

நாலே வாக்கியம். ஓட்டோவுக்குப் படித்துக் காட்டினேன், தாளைப் பற்றியதையும் சேர்த்து. எழுதியதை வாங்கி இன்னொரு முறை படித்தான். பிறகு, "நானும் வரட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். இவன் வந்தால் எனக்கு அழுகை வரும். நாற்பத்திரண்டு குடும்பத்துக்கு முன்னால் அழ மாட்டேன்.

சொல்லிவிடுவேன். சொல்லிடணும்.

ஜூலை 18, சனி

நடந்தது இது.

முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். சோங்கோர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ரேக்கா கதவருகே நின்றாள், உட்காரவில்லை.

வில்மாதான் முதலில் எழுந்தாள். "முப்பது வருஷம் ஊர்ல இருக்கற பொய்க் கணக்கையெல்லாம் பாத்தவ நான். கடைக்காய உட்கார்ந்து எடை போட்டிருக்கேன். இந்தக் கையால. வெறும் பையக் குடுத்திருந்தா வாங்கியிருக்க மாட்டோமா, சோங்கோர்?"

"வாங்க மாட்டீங்கன்னுதான் நினைச்சேன்."

"அப்ப நாங்க கை தூக்கினது?"

"அது மார்ச்சுல வில்மாக்கா."

யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான கோபம் வந்தது. காய்க்காக அல்ல. தங்களை நம்பவில்லை என்பதற்காக. ஆளாளுக்கு எழுந்து, நான் வாங்கியிருப்பேன், நான் வாங்கியிருப்பேன் என்றார்கள். 'அவ்வளவுதானா' என்று கேட்டவரும் எழுந்து சொன்னார்.

சோங்கோர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து வாசித்தான். "இத எழுதினவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நெஜத்த எழுதியிருக்காங்க."

"யாரு எழுதினது?" என்று ஒரு குரல்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுந்தேன். எழுந்துவிட்டேன், அது நிச்சயம். எல்லோரும் திரும்பினார்கள். சோங்கோரும். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நமக்காகப் பேச ஒருத்தி எழுந்தாள் என்று.

பருப்புக்கீரையைப் பற்றிப் பேசினேன். கல்மழைக்குப் பின் முதலில் முளைப்பது அதுதான், அதில் இன்னின்ன சத்து, உருளைக்கிழங்கோடு எப்படிச் சமைக்கலாம். இரண்டு நிமிடம் இருக்கும். தெளிவாகப் பேசினேன். உட்கார்ந்தேன்.

தொடர விரும்புகிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். பதின்மூன்று. என்னுடையதையும் சேர்த்து. இருபத்திரண்டு வேண்டும்.

வெளியே வரும்போது சோங்கோர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க ஒருத்தராவது பேசினீங்க." நகராட்சிப் பூங்காவில் ஓர் ஆள் தேவையாம், அவன் கேட்டுப் பார்க்கப் போகிறானாம், திங்கள்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், பட்டம் வாங்கினவர் யாராவது சிபாரிசு எழுதினால் நல்லதாம். "ரெண்டு வரி போதும் டாக்டரம்மா. ஆள் எப்படின்னு."

வீட்டுக்கு வந்தேன். ஓட்டோ கேட்டான், "சொல்லிட்டியா?" பேசினேன் என்றேன். 

சாயங்காலம் கடிதம் எழுதி அனுப்பினேன். ஒரு பக்கம் வந்தது. உழைப்பாளி, பொறுப்பானவர், நாலு வருடமாக நேரில் அறிவேன் என்று. நல்ல கடிதம். எழுத்து எனக்கு எப்போதும் வரும்.