நான்காம் வகுப்புக்குப் போட்ட பூஜ்யம்

ஃபுனாஃபுதி

அம்மாவுக்கு, செமு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கே ஒரு சின்ன சங்கதி, கவலைப்பட வேண்டாம். புதிய பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்புக்கு, "மாணவர் எழுந்து நின்று பெரியவரிடம் கேள்வி கேட்பார்" என்று எழுதியது நான்தான். போன வாரம் ஒரு பள்ளியில் அதைச் சோதித்தோம். மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவர் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒரு பிள்ளையும் எழவில்லை. இருபத்தொரு பேருக்கும் பூஜ்யம் போட்டேன்.

அந்த வகுப்பின் லூசா டீச்சர் சிரித்துவிட்டார். "ஏம்ப்பா, உக்காந்திருக்கிற பெரியவர் தலைக்கு மேல நின்னுக்கிட்டு நீ பேசுவியா? உங்கம்மா சும்மா விட்டிருப்பாங்களா?"

"சரி, உக்காந்தே கேளுங்க" என்றேன் பிள்ளைகளிடம். அதன்பின் பெரியவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

திங்களன்று பாடத்திட்டக் குழுவில் என் வரியை நானே அடிக்கச் சொல்லப்போகிறேன். அடிக்காவிட்டால் எல்லாத் தீவுப் பிள்ளைகளும் தோற்பார்கள். குழுவில் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

அடுத்த கப்பலில் ஒரு பாய் அனுப்புங்கள். என் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. பாய் பெரியதாகவே இருக்கட்டும். யாராவது வந்தால் உட்காரச் சொல்லலாம்.

கப்பல் ஊதிவிட்டது, கடிதத்தைக் கொடுக்க ஓடுகிறேன்.

செமு