ஹைதராபாத்தில் ஒரு ட்ரெஸ்காவன்

இன்று காலை டேங்க் பண்ட் சிக்னலில் வண்டி நின்றது. ஏப்ரல் வெயிலில் ஹுசேன் சாகர் ஏரியிலிருந்து கிளம்புமே, அழுகிய பாசியும் சாக்கடையும் கலந்த அந்த வாடை, அது உள்ளே வந்துவிட்டது. டிரைவர் அவசரமாக எல்லா ஜன்னல்களையும் ஏற்றினார். என் பக்கத்து ஜன்னலை மட்டும் இறக்கச் சொன்னேன். பின்பார்வைக் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறக்கினார்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால், "நக்கோம்மா, வேணாம், மூடு மூடு" என்று என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி நீயே மூடியிருப்பாய். ஆபீஸ் வண்டியில் நம் இடங்கள் அப்படித்தான் அமைந்தன. குஷாய்குடாவில் முதலில் ஏறுகிற எனக்கு ஜன்னலோரம். லாலாகூடாவில் ஏறுகிற உனக்கு நடு இடம். அங்கிருந்து மாதாப்பூர் போய்ச் சேரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்குவாய். ஏரி வரும்போது மட்டும் எப்படியோ விழித்துக்கொள்வாய்.

நீ போன பிறகு வரும் இரண்டாவது கோடை இது.

முதல் நாள் நினைவிருக்கிறதா? உன் கழுத்தில் தொங்கிய அட்டையில் ட்ரெஸ்காவன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, ஜன்னல் பக்கம் உட்கார விருப்பமா என்று உன்னிடம் கேட்டேன். "எந்த ஊரு?" என்றாய். விருதுநகர் என்றேன். "அப்ப தமிழ்லயே கேளேன். இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டப்படுறே" என்றாய். அன்றிலிருந்து கடைசிவரை உனக்கு நான் விருதுநகருதான். என் பெயரை நீ சொல்லிக் கேட்டதே இல்லை.

உன் அப்பா லாலாகூடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். அதற்கு முன்னால் அவர் குடும்பம் கோலார் தங்கவயலில். அப்பாவின் தாத்தா தங்கம் தோண்ட இங்கிலாந்திலிருந்து வந்த சுரங்கக்காரர் என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர் கட்டிக்கொண்டது தங்கவயலில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண்ணை. உன் அம்மாவும் தங்கவயல் தமிழ்தான். ஆக, அந்த வெள்ளைக்காரரிடமிருந்து உனக்கு வந்து சேர்ந்தது பெயர் ஒன்றுதான். நிறம்கூட வரவில்லை. வங்கியில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் அந்தப் பெயரைப் படித்துவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் பெயரா என்று கேட்பார்கள். கல்யாணமே செய்துகொள்ளாத நீ, ஆமாம் என்று சொல்லிவிட்டு வருவாய்.

குடும்பப் பெயர் என்பது எனக்குப் புரியாத விஷயம். எங்கள் பக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். என் இனிஷியல் என் மகளுக்கு இல்லை. எங்கள் வழக்கத்தில் ஒரு பெயர் ஒரு தலைமுறை நடந்துவிட்டு உட்கார்ந்துவிடும், அதற்காக யாரும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. "உனக்குப் பேருக்கு முன்னாடி ஒத்த எழுத்து. எனக்குப் பேருக்குப் பின்னாடி ஒரு ஊரே வருது, விருதுநகரு" என்று கேலி செய்வாய். அது நிஜமாகவே ஓர் இடத்தின் பெயர்தான் என்று அப்போது உனக்கே தெரியாது.

நம் வேலையை வீட்டில் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பேசிச் சிரித்திருக்கிறோம். இங்கிலாந்தில் யாரோ ஒருவருடைய முகவரியைக் கொடுத்தால், கணினி வரைபடத்தில் அவர் வீட்டு வாசலில் ஒரு புள்ளி விழ வேண்டும். ஊர் மட்டும் தெரிந்து தெரு தெரியாவிட்டால், கணினி அந்த ஊரின் நட்டநடுவில் புள்ளியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். பல ஊர்களின் நட்டநடு ஓர் ஆறாகவோ குளமாகவோ இருக்கும். அப்படி விழுந்த புள்ளிகளைத் தேடிப் பிடித்து, வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் கொண்டுபோய் வைப்பது நம் பிழைப்பு. அந்த வேலையில் உன்னை மிஞ்ச அந்த மாடியில் ஆள் இல்லை. புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம், "தண்ணியில வுழுந்தவங்கள கரையேத்துறோம், வேற ஒண்ணுமில்ல" என்று ஒரே வரியில் பாடம் முடித்துவிடுவாய்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, கார்ன்வால் என்கிற பகுதி, ஒரு முறை நம் குழுவுக்கு வந்தது. மத்தியானம் தூக்கம் சொக்குகிற நேரம். நீ என்னைக் கூப்பிடவில்லை, நாற்காலியைப் பிடித்து இழுத்தாய். உன் திரையில் ஒரு மேட்டு நிலம், கல் சுவர்கள், ஒரு பண்ணை வீடு. அதன் பெயர் ட்ரெஸ்காவன். எழுத்துக்கு எழுத்து உன் பெயர். அந்தப் பகுதியின் பழைய மொழியில் ட்ரெ என்றால் பண்ணை வீடு, பின்பாதி ஒரு மரத்தின் பெயர், வேலியோரம் வெள்ளையாகப் பூக்கிற சின்ன மரம் என்று இரண்டு நாளில் தெரிந்துகொண்டு வந்தாய். நம் டீம் லீடர், பண்ணையில் பங்கு கேட்டு கேஸ் போடப் போகிறாயா என்று தெலுங்கில் கேட்டார். பங்கு வேண்டாம், அந்த மரத்தில் ஒரு கிளை போதும் என்றாய்.

அதன் பிறகுதான் அந்தப் பெரியவர் வந்தார். இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற மனிதர், அவரும் ஒரு ட்ரெஸ்காவன். அந்தப் பெயர் உள்ளவர்கள் உலகத்தில் மிகச் சிலர்தான் என்பதால், ஒவ்வொருவரையும் தேடி ஒரு வரைபடத்தில் புள்ளி வைப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார். அதை நீ எனக்குக் காட்டியபோது உன் விரல் திரையில் படாமல் அதற்கு மேலேயே நகர்ந்தது. கார்ன்வாலில் ஒரே ஒரு தேவாலயத்தைச் சுற்றிப் புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தன. அங்கே வெள்ளீயச் சுரங்கங்களும் செம்புச் சுரங்கங்களும் மூடிய பிறகு புள்ளிகள் கடல் தாண்டித் தெறித்திருந்தன. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ. "எங்கெங்க பள்ளம் தோண்டுறாங்களோ அங்கெல்லாம் எங்காளுங்க" என்றாய். உயிரோடு இருப்பவர்களுக்கு நிறைந்த புள்ளி, கல்லறைகளுக்கு வெறும் வட்டம். இந்தியா முழுவதற்கும் ஒரே ஒரு வெறும் வட்டம், கோலார் தங்கவயலில். "எங்கப்பாவோட தாத்தா, இவருதான்" என்றாய்.

பெரியவருக்கு எழுதினாய். நான் இருக்கிறேன், ஹைதராபாத்தில், எனக்கும் ஒரு புள்ளி வையுங்கள் என்று. அவர் பதில் மிகவும் மரியாதையாக இருந்தது. அங்கே மழை என்று ஆரம்பித்து, உன் மடல் தனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். உயிரோடு இருப்பவர் என்றால் வம்சத் தொடர்ச்சிக்கு ஆதாரம் வேண்டும். ஞானஸ்நானமோ திருமணமோ எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். தங்கவயலில் இறந்தவரோ, அவருக்குத் தெரிந்தவரை, கல்யாணமாகாதவர்.

நான் கோபப்பட்டேன். நீ பட்டதாகத் தெரியவில்லை. "கல்யாணம் ஆகாத ஆளுக்குக் கொள்ளுப்பேத்தி நானு" என்று டிபன் பாக்ஸை மூடினாய். "எல்லாரும் கோயில்ல எழுதி வெச்சிட்டா புள்ள பெத்தாங்க?" மரபணுச் சோதனை உண்டா என்று கேட்டு எழுதினோம். தாங்கள் செய்வது ஆண் வழிச் சோதனை மட்டும், உன் அப்பாவோ சகோதரனோ இருந்தால் செய்யலாம் என்றார். அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். உனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தங்கவயல் தேவாலயத்தில் கேட்டோம், செகந்திராபாத்தில் கேட்டோம். கிடைத்ததெல்லாம் உன் அப்பாவோடு நின்றுவிட்டது; அதற்கு மேலே ஏறவில்லை.

பிறகு உன் வயிற்று வலி வந்தது. அது வெறும் வயிற்று வலி இல்லை என்று தெரிந்தபோது, டாக்டர்கள் தாழ்ந்த குரலில் பேசுகிற நிலைக்கு வந்திருந்தது. முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, வரவேற்பில் இருந்த பெண் உன் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வெளிநாட்டு நோயாளிகளுக்கான கவுன்ட்டர் அந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் கை காட்டினாள். அங்கே சோபா, காப்பி எல்லாம் இருந்தது. பாஸ்போர்ட் கேட்டார்கள். "நேனு லாலாகூடா அண்டி" என்று, நீ லாலாகூடாக்காரி என்பதைத் தெலுங்கில் சொன்னாய். அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பில் வலி கூடிவிட்டது. மறுபடி பழைய வரிசைக்கே வந்து நின்றோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா விருதுநகரு. இங்க நான் வெளிநாட்டுக்காரி. அங்க கணக்குலயே இல்ல" என்றாய். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

படுக்கையோடு ஆன பிறகு உன் போனில் எப்போதும் அந்த வரைபடம் திறந்திருக்கும். வேறு ஏதாவது வேண்டுமா, யாரையாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். "உசுரோட இருக்கறப்ப ஒரு புள்ளி. ரொம்பக் கேக்கறனா?" என்றாய். அன்று நானே பெரியவருக்கு எழுதினேன். உன் நிலைமையைச் சொன்னேன். நாம் பார்க்கிற வேலையைச் சொன்னேன். உங்கள் நாட்டில் எத்தனையோ பேரை அவரவர் வாசலில் வைத்தவள் இவள் என்றேன். மூன்று வரியில் பதில் வந்தது. மனது கனக்கிறது, உனக்காகப் பிரார்த்திக்கிறேன், ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் வரைபடத்தை யாரும் நம்பமாட்டார்கள். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. நாமும் ஆபீஸில் அதைத்தானே சொல்லுவோம்.

ஹைதராபாத்தில் ஒரு புள்ளி விழுந்ததுபோல் படம் தயாரிக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். யோசிக்காமல் இல்லை. ஆனால் நீ விரல்களை வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பாய். யார் எதை எங்கே ஒட்டவைத்தாலும் கண்டுபிடிக்கிறவள் நீ. கையைக் கட்டிக்கொண்டு உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்ய முடியாமல் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். நீ போனபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன்.

உன் தேவாலயத்துப் பெண்களும் ஆபீஸ்காரர்களும் சேர்ந்து கல் வைத்தோம். அதில் உன் முழுப் பெயர், கீழே தமிழில் ஒரு வரி. பெரியவருக்குச் செய்தி சொல்ல வேண்டுமே என்று அந்தக் கல்லைப் படமெடுத்து அனுப்பினேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. அவர் ஆறுதல் சொல்லி எழுதினார். கூடவே, பெயர் பொறித்த கல்லறைக் கல் என்றால் வேறு ஆதாரம் தேவையில்லை, விதியில் அதற்கு இடம் இருக்கிறது, உன்னைச் சேர்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்காமல் நின்றேன். என் மகள், "ஏமய்யிந்தி மம்மி?" என்று, என்ன ஆச்சு என்று, இரண்டு தடவை தெலுங்கில் கேட்டாள். உன் அப்பாவைப் புதைத்த இடத்தில் வைத்த மரச்சிலுவையை மழை தின்றுவிட்டது என்று நீ சொல்லியிருக்கிறாய். இந்த விதி முன்பே தெரிந்திருந்தால் நாம் உன் அப்பாவுக்கு ஒரு கல் நட்டிருப்போம். இந்த ஊரில் ஒரு வட்டமாவது இருந்திருக்கும், நீ பார்த்துவிட்டுப் போயிருப்பாய். யாரும் கேட்கவில்லை, அதனால் பெரியவரும் சொல்லவில்லை.

வரைபடத்தைத் திறந்தேன். உலகம் முழுவதும் தெரியும்படி வைத்துப் பார்த்தால், தங்கவயலுக்கு வடக்கே, இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் வட்டம். நீதான். பிறகு பழக்கதோஷம், விரல்களை வைத்துப் பெரிதாக்கினேன். ஊர் பெரிதானது, தெருக்கள் பிரிந்தன, கடைசியில் சுற்றிலும் நீலம். நீ ஹுசேன் சாகர் நடுவில் இருந்தாய், புத்தர் சிலைக்குக் கொஞ்சம் தள்ளி. அவர் ஹைதராபாத் என்று மட்டும் எழுதியிருக்கிறார். கணினி தன் வழக்கப்படி நட்டநடுவில் போட்டுவிட்டது.

கல்லறையின் சரியான இடத்தைக் குறித்து அவருக்கு எழுதினேன். புள்ளிகளைக் கணினி தானாகவே வைத்துக்கொள்கிறது, நகர்த்தத் தனக்குத் தெரியாது, அதை அமைத்துக் கொடுத்தவர் இப்போது இல்லை, மன்னிக்கவும் என்றார். ஆனால் ஊர் சரிதானே என்று கேட்டிருந்தார். சரிதான். அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு நீ சரியான இடத்தில்தான் இருக்கிறாய். பக்கத்தில் வந்து பார்க்கிற எனக்குத்தான் நீ தண்ணீரில்.

இப்போதும் அதே வேலைதான், அதே திரைதான். இன்று மத்தியானம் இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில் ஆற்றின் நடுவே ஒரு புள்ளி வந்தது. தேடினேன். பாலத்தைத் தாண்டி மூன்றாவது தெரு, நீலக் கதவு. வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே இருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் வைத்து முடித்ததும், பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி "கரையேறியாச்சு" என்று உன் குரலில் சொல்லுவேன். புதிதாக வந்த பெண் அது ஏதோ ஆபீஸ் வழக்கம் என்று நினைத்து அவளும் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள்.

திரும்பும்போது அதே சிக்னல். காலையில் வந்த டிரைவர்தான். நான் சொல்லாமலே என் பக்கத்து ஜன்னலை இறக்கினார். வாடை அப்படியேதான் இருந்தது. பச்சை விழும்வரை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.