கப்பல் தட்டில் பாய் விரித்த இடம்

1926 ஆனி 12, சனிக்கிழமை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் செல்லம் எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை அவள் கைக்குழந்தையோடு பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினம் போகிறாள்.

இன்று பத்து காஜா ஊர்க் கடையில், எங்களை ஆள் சேர்த்துக் கப்பலில் கூட்டிவந்த பழைய கங்காணி அவளுக்குப் புத்தி சொன்னான். "ஏழு நாளும் சொகமா தூங்கலாம்மா. ஏறுன ஒடனே காத்து வர்ற எடத்துல பாய விரிச்சிரு. விரிச்சவங்களுக்குத்தான் எடம். ஒங்கம்மா எப்படித் தூங்கிட்டு வந்தா, அப்பாவக் கேளு!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாங்களும் அப்படித்தான் விரித்தோம். நிறைமாதக்காரியான என் மனைவியின் பாயைக் காலால் தள்ளிவிட்டுத் தன் மெத்தையைப் போட்டவன் இவன்தான். கொதிக்கிற இரும்புத் தகட்டின்மேல் அவள் உட்கார்ந்தே வந்தாள். அங்கேயே பிறந்து இறந்த பிள்ளையைக் கடலில் விட்டோம்.

"பாய் விரிச்சா போதாது கங்காணி. ஒன்ன மாதிரி ஆளு அந்தக் கப்பல்ல ஏறாம இருக்கணும்," என்றேன்.

"பழசெல்லாம் இப்ப எதுக்குண்ணே?" என்று சிரித்தான். சிரிக்கிறான்!

இதை எழுதும்போது செல்லம் பென்சிலை நிறுத்திவிட்டாள். அந்தப் பிள்ளையைப் பற்றி இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

"என் பாய எவனாச்சும் தொட்டா கைய ஒடிச்சிருவேன்பா," என்கிறாள்.

அதையும் எழுது என்றேன்.