டெரிக் கொடுத்த சுருட்டுகள்

பிரேசர் டவுன், பெங்களூரு
அக்டோபர், ஞாயிறு

அன்பு மகள் டீனாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் கர்த்தர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த ஊர்க் குளிரில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். போனில் பேசினால் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள், நீயும் உடனே வைத்துவிடுகிறாய், நான் சொல்ல நினைப்பது அப்படியே நின்றுபோகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மாடி ஏறுவதில்லை, துணி காயப்போடுவது இப்போது என் வேலை. மாடி வீட்டு ருக்கு, தன் மகளின் பிரசவத்துக்காக மைசூருக்குப் போயிருக்கிறாள். நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பலகை மேல் நடந்து போகிறோம், போன ஞாயிறு பாஸ்டரே தடுமாறிவிட்டார்.

நீ அனுப்பிய மெசேஜில், டெரிக் அங்கிள் கொடுத்த சுருட்டுகள் வீணாகியிருந்தால் நானே இங்கிருந்து புதிதாக வாங்கி அனுப்புகிறேன், அவர்களிடம் நாம் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். வாங்க வேண்டாம். அந்த விஷயம் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் பாதிக்கு மேல் நீ டப்ளினுக்குத் திரும்பிப் போன பிறகு நடந்தது, அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

பிப்ரவரியில் உன் நிச்சயதார்த்தத்தன்று லாயிட்டின் அப்பா டெரிக் எல்லோர் முன்னாலும் என் கையில் அந்தச் சுருட்டுப் பெட்டியைக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த காலத்திலிருந்து அவர் வீட்டில் அது ஒரு வழக்கமாம், பெண்ணின் அப்பா கல்யாணம்வரை பத்திரமாக வைத்திருந்து, விருந்து முடிந்ததும் பெரியவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். நான் ஒரு பீடிகூட பிடித்தவன் இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டினால் போயிற்று என்றுதான் நினைத்தேன். கிளம்பும்போது டெரிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பீரோவில் வைத்தால் ஈஸ்டருக்குள் சருகாகிவிடும், ஈரம் அதிகமானாலோ பூசணம் பிடிக்கும், ஹ்யூமிடார் என்று ஒரு மரப்பெட்டி கிடைக்கும், அதில் வையுங்கள் என்றார். தொழிற்சாலை ஸ்டோர்ஸில் தலை நரைத்தவன் நான். அடுத்தவர் பொருள் கைக்கு வந்துவிட்டால், எப்படி வந்ததோ அப்படியே திருப்பிக் கொடுக்கும்வரை எனக்கு நிம்மதி இருக்காது.

முதலில் பிரிகேட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடி மூடி போட்டு, பளபளவென்று பாலிஷ் அடித்து, முன்பக்கம் ஈரத்தின் அளவைக் காட்டும் பித்தளை முள் வைத்த பெட்டியைத்தான் அவர்கள் முதலில் எடுத்துக் காட்டினார்கள். பார்க்க அழகு. ஆனால் மூடியை விட்டால் டப்பென்று விழுந்தது, கண்ணாடி மரத்தோடு சேரும் இடத்தில் நகம் நுழையும் சந்து இருந்தது. போன் டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்து மூடிப் பார்த்தேன், சுற்றிலும் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. வெளிச்சம் போகிற இடத்தில் ஈரமும் போகும். அடுத்த கடையில் அழகில்லாத ஒன்று இருந்தது, முழுக்க மரம், உள்ளே செடார் என்ற வாசனை மரத்தின் பலகை, அதில் வர்ணமோ வார்னிஷோ இல்லை, மூடியைக் கைவிட்டால் காற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாக இறங்கியது. ஒரு ரூபாய் நோட்டை நடுவில் வைத்து மூடி இழுத்தேன், சுலபமாக வரவில்லை. அதையே வாங்கினேன். இத்தனை சுருட்டு பிடிக்கும் என்று கடையில் சொல்வது ஒல்லிச் சுருட்டுகளை நெருக்கி அடுக்கிய கணக்கு, அதனால் நம்மிடம் இருப்பதைப் போல இரண்டு மடங்கு பிடிக்கும் பெட்டியாக எடுத்தேன். காற்று சுற்றி வர இடம் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே அடுக்கிவிடக் கூடாது என்று அப்புறம்தான் தெரிந்தது. புது மரம் காய்ந்து கிடக்கும், சுருட்டில் இருக்கும் ஈரத்தை அதுவே குடித்துவிடும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறவர்களும் உண்டு, துடைத்தால் பலகை நெளிந்துபோகலாம் என்பதால் அதைச் செய்யவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை வைத்து, அந்த மரம் தானாக ஈரம் வாங்கிக்கொள்ளும்வரை மூடியே வைத்தேன். குழாய்த் தண்ணீர் கூடாது, நம் ஊர்த் தண்ணீரின் உப்பு உனக்குத் தெரியும். அதுவரை சுருட்டுகளை எங்கே வைப்பது? அம்மாவின் முறுக்கு டப்பாதான் இருந்தது, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை அளவாக வைத்திருக்கும் சின்னப் பொட்டலம் ஒன்றைக் கூடவே போட்டேன், அது பாட்டுக்கு நன்றாகவே இருந்தது. உண்மையில் கொஞ்ச நாளைக்கு வைத்திருக்கிற புதியவனுக்கு அந்த டப்பாவே போதும், மரப்பெட்டிதான் வேண்டுமென்று இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அப்போ என் டப்பாவையும் கெடுத்து இன்னொரு பெட்டியும் எதுக்கு வாங்கினீங்க என்று கேட்டாள்.

நான் வாங்கிய பெட்டியோடும் ஈரம் காட்டும் முள்மீட்டர் ஒன்று வந்தது, அது பொய் சொல்லும் என்று படித்திருந்தேன். பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, சில துளி தண்ணீர் விட்டுக் களிபோல ஆக்கி, மீட்டரோடு சேர்த்து ஜிப் வைத்த பையில் ஒரு நாள் மூடி வைத்தால் எழுபத்தைந்து சதவீதம் காட்ட வேண்டும். நம்முடையது அறுபதில் நின்றது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டலில் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள் அறுபத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவே இருந்தால் போதும், அந்த அளவு வந்ததும் சுருட்டுகளை டப்பாவிலிருந்து அதற்கு மாற்றினேன். சூடு கூடினால் புகையிலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிந்து, குண்டூசியால் குத்தியதுபோல ஓட்டை போட்டுவிடும், அதனால் வெயில் படாத இடமாக உன் அறைப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். பிரிட்ஜில் வைக்கலாமே என்றாள் அம்மா. பிரிட்ஜ் ஈரத்தை உறிஞ்சிவிடும், போதாக்குறைக்கு மீன் குழம்பு வாசனையும் ஏறும் என்று சொன்னேன்.

ஏப்ரல், மே நல்லபடியாகப் போனது. ஜூலையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டபோது தவறு செய்தேன். கோடையில் பொட்டலத்தோடு ஸ்பாஞ்சில் தண்ணீரும் வைத்திருந்தேன், மழை வந்த பிறகு அதை எடுக்கவில்லை. ஒரு நாள் திறந்தால் மூன்று சுருட்டுகளின் நுனியில் பஞ்சுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது, மூடி வைத்த குடையின் வாசனை வந்தது. அந்த மூன்றையும் வெளியே போட்டேன், மற்றதை ஒவ்வொன்றாகப் பார்த்துத் துடைத்தேன், பெட்டியைத் திறந்து காயவைத்தேன், ஸ்பாஞ்சை எறிந்தேன். பிறகு ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்டில் நீ போன் செய்து கல்யாணம் வேண்டாம் என்றாய். அம்மா ஏன், ஏன் என்று கேட்டாள், நீ வேண்டாம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதுவும் கேட்காதது உனக்கு எப்படிப் பட்டதோ தெரியாது. கோபத்தில் பேசாமல் இருந்தேன் என்று நினைத்திருந்தால் அப்படி இல்லை. மண்டபத்துக்குப் போய்ச் சொன்னேன், பாஸ்டரிடம் சொன்னேன், சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். சுருட்டுகளைப் பழையபடி பார்த்துக்கொண்டேன். கல்யாணமே இல்லை, இன்னும் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க, யாராவது டெலிவரி பையன்கிட்ட கொடுத்து அனுப்பிவிடுங்க என்றாள் அம்மா. கையில் வாங்கியதைக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, கிளம்ப எனக்கும் மனம் வரவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உன் மெசேஜ் வந்த பிறகுதான் போனேன்.

போன சனிக்கிழமை பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றித் துணிப்பையில் வைத்துக்கொண்டு, அல்சூரு வரை ஆட்டோ, அங்கிருந்து வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ. சோதனை செய்யும் பெண் மெஷினில் பார்த்துவிட்டு ஏனு சார் இது என்று கேட்டாள், திறந்து காட்டினேன், உள்ளே பிடிக்கக் கூடாதாம், ஒளகே சேதபேடி என்று சிரித்து அனுப்பிவிட்டாள். வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் வாசலிலேயே வைத்துக் கத்தினால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன்.

டெரிக் கத்தவில்லை. உட்காரச் சொன்னார். லாயிட் ஊரில் இல்லை, ஆபீஸ் வேலையாக ஹைதராபாத் போயிருக்கிறானாம். லாயிட்டின் அம்மா மௌரீன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றார். நான் பெட்டியை மேஜை மேல் வைத்து, மூன்று சுருட்டு பூசணம் பிடித்தது, அது என் தவறு, மற்றது சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார், மூக்கருகில் வைத்தார், நல்லா வெச்சிருக்கீங்க என்றார். பிறகு அதை உள்ளே வைத்தார், மூடவில்லை.

"ஜெயராஜ், என் பையன் என்ன தப்பு பண்ணான்னு எனக்குத் தெரியணும். குடிக்கறானா, வேற பொண்ணு பின்னாடி போனானா? டீனா உங்ககிட்ட என்ன சொன்னா?"

"வேணாம்னு சொன்னா."

"அது எனக்கும் தெரியும். ஏன்னு?"

"நான் கேக்கல. அவ வேணாம்னு சொன்னதே எனக்குப் போதும்."

பெத்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையா, இது என்ன குடும்பம் என்று அவர் குரல் ஏறியது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, கல்யாணம் ஆனதும் அவள் வேலையை விட்டு இங்கே வந்துவிடுவாள் என்று மேல் மாடியில் அறைகூடக் கட்டியாகிவிட்டது என்றார். எனக்கு அது புதுச் செய்தி. நீ வேலையை விடுவதாக என்னிடம் யாரும் சொன்னதில்லை. டீனாவைக் கேட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வாசலிலிருந்து மௌரீன் பேசினார். அவர் இத்தனை மாதத்தில் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இந்த வீட்ல யாரும் யாரையும் கேக்கறதில்ல அண்ணா. என்னையும் கேட்டதில்ல. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே அதைப் புரிஞ்சுக்கிச்சு, அவ்ளோதான்."

டெரிக் திரும்பி அவரைப் பார்த்தார். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன், போடவில்லை. பெட்டியின் மூடியை இறக்கினார். நான் எழுந்து இருவருக்கும் கைகூப்பினேன். மரப்பெட்டி என்னுடையது, ஆனால் அது இல்லாவிட்டால் சுருட்டுகள் காய்ந்துவிடும் என்பதால் அதையும் அங்கேயே விட்டுவிட்டேன். கேட்வரைக்கும் மௌரீன்தான் வந்தார். டீனா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லுங்கள், வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். மௌரீன் சொன்னதை இரண்டு முறை சொல்ல வைத்தாள். அழவில்லை. மறுநாள் காலையில் உன் அறைத் திரைகளைக் கழற்றி நனையப் போட்டாள். பிள்ளை வருவதற்குள் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், எந்த நிறம் பிடிக்கும் என்று அவளையே கேளுங்கள் என்றாள். அதனால் கேட்கிறேன், எந்த நிறம் என்று எழுது.

நீ என்னிடம் காரணம் சொல்ல வேண்டும் என்று இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நான் வீட்டில்தான் இருப்பேன். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ தொடுகிற வேலையெல்லாம் அவர் கைப்பிடித்து நடத்தட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி வெறும் பிரெட்டோடு படுக்காதே. கல்யாணத்துக்காக எடுத்த டிசம்பர் டிக்கெட்டைக் கேன்சல் செய்யப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். செய்யாதே. சபையில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன், நீ விமானத்தை விட்டு இறங்கி வெளியே வந்தால் போதும், வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு உன்
அப்பா
ஜெயராஜ்