முறுக்கை எண்ணியவருக்கு

இன்று மதியம் அலுவலகத்தில் புதிய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றுக்குக் கேபிள் செய்ய உட்கார்ந்தேன். மேலுறையைச் சீவியதும் அந்தப் பிளாஸ்டிக் வாசனை எழுந்தது. உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய எட்டுக் கம்பிகள். நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் விரல்கள் முறுக்கைத் தடவிப் பார்த்தன. உங்கள் பழக்கம் அது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

நமக்கு ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை நீங்க, வாங்கதான். கோவைக் கல்லூரியில் ரவுட்டிங், ஸ்விட்ச்சிங் உயர்நிலைப் பாடத்துக்கு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி நம்மை ஒரே மேசையில் போட்டார்கள். ரவுட்டரிடம்கூட நீங்கள் மரியாதையாகத்தான் பேசுவீர்கள். அந்தப் பழைய பெட்டி இயங்கத் தொடங்க ஐந்து நிமிடம் ஆகும். "ஏனுங்க, எந்திரிங்க. அம்மணிக்குக் கோவம் வருதுங்க" என்பீர்கள், என்னைக் காட்டி. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டைப் புரட்டுவேன்.

ஒருநாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மணி நேரமாக நம் இரண்டு ரவுட்டர்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. கட்டளைகளை மூன்று முறை சரிபார்த்தேன். கடைசியில் பார்த்தால், நீங்கள் செய்த கேபிளில் பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறியிருந்தன. "இதுகூடக் கண்ணுக்குத் தெரியலீங்களா?" பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில்தான் சொன்னீர்கள். "நெசமாலுமே தெரியாதுங்க." பச்சை, ஆரஞ்சு, பழுப்பு மூன்றும் உங்கள் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. சென்னிமலையில் உங்கள் வீட்டில் போர்வைத் தறி. நிறம் மாற்றி நூல் எடுத்துக் கொடுத்து அப்பாவிடம் வாங்கிய திட்டையெல்லாம் வேடிக்கையாகச் சொன்னீர்கள். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றபோது மட்டும் முகத்தில் வேடிக்கை இல்லை.

நான் சொல்லிவிட்டேன். செய்முறைத் தேர்வில் கேபிளையும் நாமே செய்தாக வேண்டும். அதிலேயே நீங்கள் தோற்றுவிடுவீர்களோ என்ற பயத்தில் லேப் பொறுப்பாளர் மேடத்திடம் தனியாகச் சொன்னேன். அவரும் நல்லவர்தான். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், "உனக்குக் கலர் தெரியாதாமே கண்ணு, கேபிள் ரெடியா குடுக்கச் சொல்றேன்" என்றார், பரிவோடு. பின்வரிசையில் ஒருவன் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்தான். "இது என்ன கலரு மாப்ள?" வகுப்பே சிரித்தது. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் நான் வந்தபோது மேசையில் கேபிள் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தீர்கள்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணுனீங்க. ஆனா என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்களே."

எனக்கு அழுகை வந்தது. நீங்களே பேச்சை மாற்றினீர்கள். ரவுட்டர்கள் விடாமல் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொள்ளும் என்று அந்த வாரம்தான் படித்திருந்தோம். "நாப்பது செகண்டு சத்தம் வரலீன்னா பக்கத்து ரவுட்டரு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிப்போடுதுங்க இது. நாம நாலு நாளு தாங்கியிருக்கறமுங்க" என்றீர்கள். பிறகு ஒரு துண்டை என் முன் தள்ளினீர்கள். "இதுல பச்சை எது, ஆரஞ்சு எதுன்னு மட்டும் சொல்லுங்க. மீதி நான் பாத்துக்கறேன்."

பச்சையின் முறுக்கு நெருக்கம். பழுப்பின் முறுக்கு தளர்வு. ஆரஞ்சு நடுவில். ஒரு விரற்கடைக்கு எத்தனை முறுக்கு என்று நகத்தால் எண்ணி எண்ணி மனப்பாடம் செய்தீர்கள். தேர்வன்று மேடம் எடுத்து வைத்திருந்த கேபிளை "வேண்டாமுங்க மேடம்" என்று ஒதுக்கிவிட்டு, சுவரைப் பார்த்தபடி விரலாலேயே கம்பிகளைப் பிரித்தீர்கள். கடைசி ஆளாகத்தான் முடித்தீர்கள். சோதிக்கும் கருவியில் எட்டு விளக்கும் வரிசை தவறாமல் எரிந்தன. கைக்குட்டைக்காரன்தான் முதலில் கை தட்டினான்.

அதற்குப் பிறகு யாருக்கு எது செய்வதானாலும் ஒரு வார்த்தை கேட்காமல் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். கடைசி நாட்களில் நீங்கள் மருத்துவமனையில் இருந்தபோது நம் வகுப்பு நண்பர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். நான் போனில் செய்தி அனுப்பிக் கேட்டேன். "பாக்க வரட்டுங்களா?" பதில் வந்தது: "இப்ப வேண்டாமுங்க. கொஞ்சம் தேறட்டும், நானே கூப்புடறேன்."

நான் வரவில்லை. போத்தனூரில் என் வீட்டிலிருந்து ஒரே பேருந்து. வந்து போனவர்கள் எல்லோரும், பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்ததாகச் சொன்னார்கள். உங்கள் பேச்சை மதித்துத்தான் வராமல் இருந்தேன் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டேன். மெலிந்த உங்களைப் பார்க்கப் பயந்து அந்த 'வேண்டாமுங்க'வுக்குப் பின்னால் ஒளிந்தும் கொண்டேன். இப்போது அதை ஒப்புக்கொள்ள முடிகிறது.

போன மாதம் என் தோழி ஒருத்தி கரு கலைந்து வீட்டில் படுத்திருந்தாள். வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சரி என்றேன். மறுநாள் மறுபடி கேட்டேன். அன்றும் வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் கேட்டபோது, "கேட்டுட்டே இருப்பியா? வாடி" என்றாள்.

உங்களை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன்.